கொட்டிக்குளத்துக் கரையின் நீளம்

கொட்டிக்குளம் என்ற ஊரில், ஊர்ப் பெயரையே தானும் வைத்துக்கொண்டிருக்கிற குளத்தின் கரை எத்தனை நீளம் என்று யாராவது கேட்டால், கேட்டவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒமக்கு எவ்வளவு வேணும்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள், ஏனென்றால் அந்தக் கரை, நடக்கிறவர் கண்ணில் என்னென்ன படுகிறதோ அதற்குத் தக்கபடி நீண்டுகொடுக்கும், குனிந்த தலை நிமிராமல் போகிறவன் ஒரு பீடி தீர்வதற்குள் சுற்றி முடித்துக் கிளம்பின இடத்துக்கே வந்துவிடுவான், கொக்கையும் நாரையையும் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு ஒரு மணி நேரம் ஆகும், கொக்கு எந்தக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அது குறிவைத்திருக்கிற மீன் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று நின்று பார்க்கிறவன் காலையில் போனால் மத்தியானச் சோற்றுக்குத்தான் திரும்புவான். இது எப்போது தொடங்கியது, ஏன் இப்படி என்றெல்லாம் அந்த ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிறது, வெயில் காலத்தில் வேர்க்கிறது, கொட்டிக்குளத்துக் கரை பார்க்கப் பார்க்க நீளுகிறது, அவ்வளவுதான்.

ஊர் அதற்கேற்றபடி தன் நடைமுறையை அமைத்துக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைக்குக் காப்பி கொடுத்த கையோடு, "ஒரு நடை குளத்தச் சுத்திட்டு வாங்க மாப்ள" என்று தனியாக அனுப்பிவிட்டு வாசலில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் வந்து நிற்கிறவனுக்குப் பெண் கிடையாது, இவன் நாளைக்குக் கட்டினவள் முகத்தையும் பார்க்க மாட்டான் என்று. பொழுது சாய்ந்தும் வராதவனுக்கும் கிடையாது, இவன் வேலைக்குப் போய்ச் சேர மாட்டான் என்று. இரண்டு மணி நேரம் கழித்து, வேட்டி பூராவும் நாயுருவி விதை ஒட்ட, கொஞ்சம் அசடு வழிந்துகொண்டு வருகிறவனுக்குத்தான் தட்டு மாற்றுவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றினால் இருவரையும் எதிரெதிர்த் திசையில் கரையில் ஏற்றிவிடுவார்கள், எங்காவது ஓரிடத்தில் சந்தித்துத்தானே ஆக வேண்டும். மாடு தேடப் போகிறவனிடம் மாட்டை மட்டும் தேடு, வேறெதையும் பார்க்காதே என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்புவார்கள், அப்படியும் மாடு தானாக வீட்டுக்கு வந்து ஒரு நாள் கழித்து வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

சர்க்கார்தான் இதோடு ஒத்துப்போக முடியாமல் தவித்தது. நூறு வருஷத்துக்கு முந்திய பதிவேட்டில் குளம் நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் என்று இருந்தது. அடுத்ததில் ஒன்பது ஏக்கர். அதற்கடுத்ததில் முந்நூற்று நாற்பது ஏக்கர், அதை அளந்தவர் ஓரத்தில் தண்ணீரில் நீந்துகிற நாமக்கோழி ஒன்றையும் வரைந்து வைத்திருந்தார். ஆகவே நாற்கரச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு லாரிப்பேட்டை கட்ட வேண்டும், அதற்குக் குறைந்தது நாற்பது ஏக்கர் வேண்டும், கொட்டிக்குளம்தான் வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிறதே என்று மேலே யாரோ சொன்னபோது, அதைத் திரும்ப அளக்க வேண்டியதாயிற்று. வானத்தைப் பார்த்து அளக்கிற கருவியோடு வந்தவர்கள் இரண்டு நாள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கருவி ரிப்பேர் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு, அக்கினி நட்சத்திரம் தொடங்கின அன்று, அளவுச் சங்கிலியோடு ரேணுகா வந்து இறங்கினாள்.

ரேணுகாவுக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். நில அளவை வேலை கிடைத்து மூன்று வருஷமாக இந்தத் தெற்குக் கோடியில் கிடக்கிறாள், புருஷன் சென்னப்பனும் நாலு வயது மகள் அமுதினியும் அங்கே கிடக்கிறார்கள். மாறுதல் கேட்டு அவள் எழுதாத மனு இல்லை. கடைசியில் ஆய்வாளர் கருணாகரன் மனசு இறங்கி, "கொட்டிக்குளத்துப் படத்தை என் கையில கொடுங்க, மாறுதல் ஆர்டரை உங்க கையில கொடுக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். ஒரு குளம், நாலு நாள் வேலை, ஐந்தாம் நாள் ரயில் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் அவள் வந்தாள்.

மடைக்குப் பக்கத்திலிருந்த எல்லைக் கல்லில் தொடங்கினாள். வேலை எளிது. இருபது மீட்டர் சங்கிலியின் முன்முனையை ஒருவர் பிடித்துக்கொண்டு போக வேண்டும், பின்முனையைப் பிடித்துக்கொண்டு அவள் போக வேண்டும், ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு கம்பி குத்த வேண்டும், கரையைச் சுற்றி வந்து தொடங்கின கல்லிலேயே முடிக்க வேண்டும். முடிந்தால்தான் படம் மூடும், மூடினால்தான் பரப்பு கிடைக்கும். முன்முனைக்கு ஊர்த் தலையாரி முப்புடாதி வந்திருந்தார், ஐம்பத்தைந்து வயது, தலையில் முண்டாசு, தோளில் இன்னொரு துண்டு. முதல் பதினான்கு சங்கிலி விறுவிறுவென்று போனது, மடைக்கல் எதிரே கிட்டத்தில் தெரிந்தது, இன்னும் பத்து நிமிடம்தான் என்று அவள் நினைத்தபோது ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிட்டது. ரேணுகா நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புத் தோல். எதற்கு இப்படிக் கத்துகிறது என்று தரையைப் பார்த்தாள், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக நாலு முட்டை கிடந்தது. பக்கத்தில் காய்ந்த சேற்றோடு சேறாக ஒட்டிக்கொண்டு ஒரு செடி, அதில் மிளகளவு வெள்ளைப் பூ. அதன் பிறகு சாயங்காலம் வரை எழுபது சங்கிலி இழுத்தார்கள். மடைக்கல் அதே கிட்டத்தில் அப்படியே நின்றது.

"பாக்காதிய அம்மா, பாத்தா நீளும்" என்றார் முப்புடாதி, காலில் முள் இருக்கிறது பார்த்து வாருங்கள் என்பது போல.

"எது நீளும்?"

"கரைதான். நீங்க அந்த முட்டையப் பாத்தியள்லா, அப்பமே நாலு சங்கிலி போச்சு. செருப்படைப் பூவ வேற குனிஞ்சு பாத்திய."

ரேணுகா அவரை நம்பவில்லை, குடித்திருக்கிறாரோ என்றுதான் முதலில் பார்த்தாள். மறுநாள் வைராக்கியமாகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள், ஒரு தட்டான் சங்கிலியின் மேலேயே வந்து உட்கார்ந்தது, அதன் இறக்கையில் பழுப்புத் திட்டு இருந்ததைப் பார்த்துவிட்டாள், பதினோரு சங்கிலி கூடிவிட்டது. மூன்றாம் நாள் நம்பினாள். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, கம்பியும் சங்கிலியும் அவள் கையில்தான் இருந்தன.

இதற்குள் ஊரில் சங்கதி பரவிவிட்டது. படம் மூடினால் குளம் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கோடையில் குளம் சுருங்கித்தான் கிடந்தது, ஒரு மூலையில் இடுப்பளவு தண்ணீர், அதைச் சுற்றிச் சேறு, அதைச் சுற்றிக் கோரை, மிச்சமெல்லாம் வெடித்த களிமண். ஆனாலும் அந்த மூலையில்தான் ஊர் மாடுகள் முங்கின, ஊர்க் கிணறுகள் எல்லாம் அந்த ஈரத்தைக் குடித்துத்தான் ஊறின. பஞ்சாயத்துத் தலைவி தங்கப்புஷ்பம் ஊரைக் கூட்டினாள். மனு எழுதலாம் என்றார் ஒருவர். மறியல் செய்யலாம் என்றார் இன்னொருவர். தங்கப்புஷ்பம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்குக் கண்ணு நல்லாருக்கு. வீட்டுக்கு ஒரு ஆளு, ஒரு நாளைக்கு ஒரு வீடு, கூடப் போயி காட்டுங்க" என்றாள். குளத்தில் மராமத்து வேலை வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போவதுதான் அந்த ஊர் முறை. அதே முறையில், மண்வெட்டி இல்லாமல், ஆள் வர ஆரம்பித்தது.

முதல் முறைக்காரர் ஆட்டோ ஓட்டுகிற சுயம்புலிங்கம். அவருக்கு ஒரு பறவையும் தெரியாது, ஒரு பூவும் தெரியாது. "மேடம், அங்க பாருங்க, காக்கா!" என்றார். ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பார்த்தாள், அந்தக் காக்கை கருவேல முள்ளை வளைத்து வளைத்துத் தன் கூட்டில் சொருகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது, காக்கையை அத்தனை நேரம் அவள் ஆயுசில் பார்த்ததில்லை. ஆறு சங்கிலி. சுயம்பு மீசையை முறுக்கிக்கொண்டு ஊருக்குள் போனார். அடுத்தடுத்த நாள் வந்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். கரையோர ஈரத்தில் பொடுதலை பாய் விரித்திருந்ததையும், அதன் பூ தீக்குச்சி முனை மாதிரி இருந்து சுற்றிலும் மோதிரம் போட்டுக்கொள்வதையும் காட்டினார்கள். பூத்துக்கொண்டே தன் நுனியைத் தேளின் வால் போலச் சுருட்டிக்கொள்கிற தேள்கொடுக்கைக் காட்டினார்கள். தொட்டால் இலையை மூடிக்கொள்கிற நீர்ச்சுண்டியின் மஞ்சள் குஞ்சத்தைக் காட்டினார்கள். தண்ணீருக்கு மேலே விரல் நீளத்துக்கு எழும்பி நிற்கிற கொட்டிப் பூவைக் காட்டி, "இதுதாம்மா எங்க ஊருப் பேரு" என்றார்கள். நீலத்தாழைக்கோழி ஒரு கையால் சோறு தின்கிற மாதிரி கோரைத் தண்டைக் காலில் பிடித்துக் கடிப்பதைக் காட்டினார்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் ஏன் இடைவெளி விட்டிருக்கிறது என்று ஒருவர் சொல்ல, இல்லை வேறு காரணம் என்று இன்னொருவர் சொல்ல, அந்தச் சண்டை தீர்வதற்குள் நாற்பது சங்கிலி ஓடிவிட்டது.

ரேணுகா ஒன்றும் முட்டாள் இல்லை. இது தன்னைக் கட்டிப்போடுகிற வேலை என்று இரண்டாம் முறைக்காரர் வந்தபோதே அவளுக்குத் தெரியும். கோபம் கூட வந்தது, கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிட்டுப் போய்விடலாமா என்று ஒவ்வொரு நாள் காலையும் நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் மகளோடு போனில் பேச வேண்டியிருந்தது. முன்பெல்லாம் சாப்பிட்டியா, குளிச்சியா, அழுதியா என்று மூன்று கேள்வியோடு அந்தப் பேச்சு தீர்ந்துவிடும், பிள்ளை போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடும். முதல் நாள் ஆள்காட்டி முட்டையைச் சொன்னதும் பிள்ளை போனைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் தட்டான், அதற்கடுத்த நாள் காக்கை. நாளைக்கு என்ன சொல்வது என்று தேடிக்கொண்டே ரேணுகா நடந்தாள். மகளுக்குச் சொல்வதற்காகப் பார்த்தாள், பார்த்ததால் கரை நீண்டது, கரை நீண்டதால் மகளிடம் போகிற நாள் தள்ளிப்போனது. இந்தச் சிக்கல் அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்து என்ன செய்ய?

"எப்பத்தான் முடியும் அந்தக் குளம்?" என்று சென்னப்பன் ஒரு நாள் கேட்டான்.

"தெரியலைங்க. நாளைக்கு ஒரு அம்மா முக்குளிப்பான் கூடு காட்டறேன்னு சொல்லியிருக்காங்க."

"சரி, பாத்துட்டுச் சொல்லு" என்றான்.

கூடு காட்ட வந்தது பீடி சுற்றுகிற அன்னத்தாய். கையில் பீடித் தட்டையும் கொண்டுவந்திருந்தாள், நடந்துகொண்டே இலை வெட்டிக்கொண்டு வந்தாள், கத்தரிக்கோலாலேயே சுட்டிக் காட்டினாள். தண்ணீரின் மேல் பாசியும் கோரைத் தட்டையுமாக ஒரு குவியல் மிதந்தது, குப்பை என்றுதான் யாரும் சொல்வார்கள். இவர்களைக் கண்டதும் அதிலிருந்து புறா அளவுகூட இல்லாத ஒரு பழுப்புப் பறவை சரக்கென்று தண்ணீருக்குள் இறங்கியது, ஆனால் இறங்குவதற்கு முன்னால் அலகால் நாலு இழுப்பில் பாசியை எடுத்துக் கூட்டை மூடிவிட்டது.

"உள்ள முட்டை கெடக்கு. வெளிய போவும்போது கதவச் சாத்திட்டுத்தான் போவும்" என்றாள் அன்னத்தாய். "பொரிக்க இருவது இருவத்திரண்டு நாளாவும். குஞ்சு பொரிச்சா கூட்டுல இருக்காது பாத்துக்கிடுங்க, அம்மைக்காரி முதுகுல ஏறிக்கிடும். அது அப்படியே சொமந்துகிட்டு நீந்தும். அதப் பாத்தவ இந்த ஊர்லயே நாலு பேருதான் இருக்கோம்."

எத்தனை முட்டை என்று அவளுக்கும் தெரியவில்லை, மூடித்தானே கிடந்தது. அன்று சாயங்காலம் ரேணுகா அதை மகளுக்குச் சொன்னாள், எத்தனை குஞ்சு என்று மகள் கேட்டாள், பொரித்ததும் எண்ணிச் சொல்கிறேன் என்று ரேணுகா வாக்குக் கொடுத்தாள். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்த இடம் வந்ததும் சங்கிலியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். நாள் இருபத்தேழு ஆயிற்று, ஆயிரத்துத் தொள்ளாயிரம் சங்கிலி ஆயிற்று, முப்புடாதியின் துண்டில் பத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டுப் போட்டு முடிச்சுப் போட இடமில்லாமல் போயிற்று.

இருபத்தெட்டாம் நாள் காலையில் ஆய்வாளர் கருணாகரன் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கண் செல்போனை விட்டு எழுந்ததை அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. ஜீப் வந்த வழியை ஒட்டித் தண்ணீரில் ஒன்பது கூழைக்கடா வரிசையாக மிதந்துகொண்டிருந்தது, அவர் இறங்கினதும் கேட்டது இங்கே சிக்னல் எங்கே கிடைக்கும் என்று. ஊரே கரையில் கூடி நின்றது, இந்த ஆளுக்கு எதைக் காட்டுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் சங்கிலி. இது குளமா, கடலா ரேணுகா?" என்றார் போனைப் பார்த்துக்கொண்டே. "இன்னைக்கு நானே அளக்கிறேன். மூடினா சரி. மூடலைன்னா பழைய பதிவேட்டுல இருக்கிற நூத்திப் பன்னெண்டு ஏக்கரையே எழுதி அனுப்பிடறேன், அவங்களுக்கு நாப்பது இருந்தாப் போதும். உங்க ஆர்டர் என் பையிலதான் இருக்கு. பின்முனையைப் பிடிங்க."

இனி கரை நீண்டாலும் பயனில்லை என்று ரேணுகாவுக்குப் புரிந்தது. இத்தனை நாளாக ஊர் கட்டின அணை ஒரே பேச்சில் உடைந்துவிட்டது. ஒருபக்கம் வெட்கம், ஒருபக்கம் ஊரைப் பார்க்க முடியாத துக்கம், ஒருபக்கம் அந்தப் பையில் இருக்கிற ஆர்டர். தலையைக் குனிந்துகொண்டு பின்முனையைப் பிடித்தாள். ஊர்க்காரன் வேண்டாம் என்று முப்புடாதியை ஒதுக்கிவிட்டு, முன்முனையை ஒரு கையில் கோத்துக்கொண்டு, மறு கையில் போனோடு ஆய்வாளர் நடந்தார். ஊர் விட்டுவிடவில்லை. சுயம்புலிங்கம் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, "சார், பூநாரை சார், பூநாரை!" என்று இல்லாத பறவையைக் காட்டினார்.

"வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றார் ஆய்வாளர், நிமிராமல்.

ஒன்பதாவது கம்பியைக் குத்திவிட்டு ரேணுகா ஓரக்கண்ணால் மடைக்கல்லைத் தேடினாள். மூன்று சங்கிலித் தூரத்தில் நின்றது. எப்போதும் நிற்கிற மாதிரிப் போக்குக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை, நிஜமாகவே கிட்டே வந்து நின்றது. பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்குள் இருந்த சர்வேயர் விழித்துக்கொண்டாள். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு சங்கிலி. பன்னிரண்டு சங்கிலிச் சுற்றளவுக்குள் என்னதான் வட்டமாக வளைத்தாலும் எவ்வளவு நிலம் இருக்கும்? மனக்கணக்குப் போட்டாள், திரும்பவும் போட்டாள், ஒரு ஏக்கருக்குச் சொச்சம்தான் வந்தது. அவர் போனைப் பார்த்துக்கொண்டு நடந்தார், அவள் வெட்கத்தில் தலை குனிந்து நடந்தாள், சங்கிலியின் இரண்டு முனையிலும் ஒரு கண்கூடத் திறக்கவில்லை, அதனால் குளம் ஒரு வீட்டுத் தோட்டம் அளவுக்குச் சுருங்கிக்கொண்டு வருகிறது. இப்போது அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும், அது நாற்பது ஏக்கராகும், லாரிப்பேட்டை வந்துவிடும். விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் மூடாது, நூற்றுப் பன்னிரண்டை எழுதிவிடுவார். பார்க்காமல் இருந்தால் மட்டும்தான் தப்பும். கரையில் நிற்கிற இத்தனை பேர் கண்ணாலும் எவ்வளவு நீளுமோ, யார் கண்டது?

"எல்லாரும் திரும்பிக்கோங்க!" என்று கத்தினாள். "குளத்தைப் பாக்காதீங்க, திரும்பி நில்லுங்க!"

ஊர் முழித்தது. இத்தனை நாளும் பார், பார் என்று காட்டிக்கொண்டிருந்த ஊர். தங்கப்புஷ்பத்துக்குத்தான் முதலில் பிடிபட்டது. "ஏ, சர்வேயரம்மா சொல்லுதாவல்லா, திரும்புங்கட்டி! ஏ சுயம்பு, நீயுந்தாம்ல!" என்று அவள் அதட்டின அதட்டலில் ஐந்நூறு பேரும் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலைப் பக்கம் பார்த்து நின்றார்கள்.

"என்ன சத்தம்?" என்றார் ஆய்வாளர்.

"வெயில் சார். கண்ணு கூசுதுன்னு சொன்னேன்."

பத்தாவது சங்கிலி போயிற்று. பதினொன்றாவது சங்கிலியில், இடது பக்கத்தில் தண்ணீரிலிருந்து அது கேட்டது: மெல்லிய, விடாத, ஒன்றோடொன்று போட்டி போடுகிற கீச்சுக் குரல்கள். ரேணுகாவுக்கு அது என்னவென்று தெரியும். அன்றைக்குப் பொரித்துவிட்டது. அவள் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, அவள் விடவில்லை. கால் கட்டைவிரலுக்கு முன்னால் கிடந்த சங்கிலி வளையத்தை மட்டும் பார்த்தாள், அதையும் உற்றுப் பார்க்காமல் பார்த்தாள். வாழ்நாளில் எதையும் இப்படிப் பார்க்க ஆசைப்பட்டதில்லை. குரலை எண்ணப் பார்த்தாள், ஒன்றா, மூன்றா, பிரித்து எடுக்க முடியவில்லை, தண்ணீர் சளப்பென்றது, குரல் நகர்ந்து கோரைப் பக்கம் போனது, பிறகு கேட்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டிச் சங்கிலியில் விழுந்தது. கரையில் முதுகைக் காட்டி நின்ற அன்னத்தாய்க்கும் அந்தச் சத்தம் கேட்டது, அவளும் திரும்பவில்லை, பீடித் தட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது சங்கிலி மடைக்கல்லைத் தொட்டது. படம் மூடியது. ஆய்வாளர் போனிலேயே கணக்குப் போட்டார், போட்டதைத் திரும்பவும் போட்டார். தொண்ணூற்றாறு சென்ட்.

"ஒரு ஏக்கர்கூட இல்லையே! இதுக்கா ஒரு மாசம் இழுத்தீங்க?" என்றார். "இதுல எங்க லாரிப்பேட்டை கட்டறது, நாலு லாரி திரும்பாது. சுத்தி எல்லாம் பட்டா நிலம் வேற. வேற ஊரைப் பாக்கச் சொல்றேன். உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

அளவைப் புத்தகத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே அவளுக்கு இடம் விட்டிருந்தது. ரேணுகா படத்திலிருந்த அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தாள். ஆள்காட்டி இல்லை, தேள்கொடுக்கு இல்லை, முக்குளிப்பான் இல்லை, ஒன்றுமே இல்லாத ஒரு குட்டை. பொய் என்று சொல்லவும் முடியாது, சங்கிலி பொய் சொல்லவில்லை. இருபத்தேழு நாள் பார்த்ததை எல்லாம் இல்லை என்று எழுதிக் கொடுக்கிற மாதிரி அவளுக்கு மனசு வலித்தது.

"இல்ல சார். அவ்வளவுதான் குளம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவர் ஆர்டரைக் கையில் கொடுத்து, பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் நாற்கரச் சாலையில் ஏறி மறைகிற வரை ஊர் அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வெயில் பிடரியைச் சுட்டது. முப்புடாதி மட்டும் சர்க்கார் ஆள் என்பதால் நிற்காமல், தலையைக் குனிந்தபடியே சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அளவுக்கு அடையாளமாக எதிர்க்கரையில் நட்டிருந்த துணிக் கொடிகளைப் பிடுங்கிவர நடந்தார், போய்விட்டு வர ஐந்து நிமிடம். "திரும்பலாமாம்மா?" என்று தங்கப்புஷ்பம் திரும்பாமலே கேட்டாள்.

"பாருங்க" என்றாள் ரேணுகா. "எல்லாரும் நல்லாப் பாருங்க."

ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பசித்தவர்கள் இலையைப் பார்க்கிற மாதிரி குளத்தைப் பார்த்தார்கள், ஒவ்வொரு நாரையையும், ஒவ்வொரு கொட்டிப் பூவையும், சேற்றில் ஓடின நண்டையும், யாருக்கும் பெயர் தெரியாத ஒரு நீலப் பூவையும் பார்த்தார்கள். ரேணுகா கோரைப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். கூடு காலியாக மிதந்துகொண்டிருந்தது, அம்மாவும் குஞ்சுகளும் அதற்குள் கோரைக்குள் எங்கோ போய்விட்டிருந்தன. பொழுது சாய்கிற வரை நின்று பார்த்தும் கண்ணில் படவில்லை. எதிர்க்கரைக்குப் போன முப்புடாதியும் திரும்பி வரவில்லை.

சங்கிலி அலுவலகச் சொத்து, அதை ஒப்படைக்காமல் ஊரை விட்டுப் போக முடியாது. ரேணுகா ஆர்டரைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் காத்திருந்தாள், அன்னத்தாய் வீட்டில் சோறு. இன்னொரு நாள் காத்திருந்தாள், சுயம்பு வீட்டில் சோறு. ஊரில் யாரும் பதறவில்லை, ஐந்நூறு பேர் சேர்ந்து பார்த்த கரை, வயசான ஆள், மெள்ளத்தானே வருவார் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் முப்புடாதி கரையோரமாக வந்தார், மூன்று நாள் தாடி, கொடிகள் எல்லாம் கக்கத்தில், சங்கிலி தோளில், முகம் பூராவும் சிரிப்பு. ரேணுகா எதிரே ஓடினாள்.

"அண்ணாச்சி, முக்குளிப்பானைப் பாத்தீங்களா? எத்தனை குஞ்சு?"

அவருக்கு மூச்சு வாங்கியது. கொடிகளைக் கீழே போட்டுவிட்டு நாலு விரலைக் காட்டினார், பிறகு தன் முதுகைத் தட்டிக் காட்டினார்.

ரேணுகா உடனே போனை எடுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, பையிலேயே திரும்பப் போட்டுவிட்டாள். நேரிலேயே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று சங்கிலியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.